தூந்திராவில் செடி எண்ணுவது எப்படி

தூந்திராவுக்கு முதன்முதலாகப் போன அன்று, "செடி எங்கே?" என்று கேட்டுவிட்டேன். ஆர்க்டிக்கில் உள்ள நார்வே நாட்டுத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில், லாங்யர்பியன் ஊருக்கு வெளியே உள்ள ஆட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கு அது. கண்ணுக்கு எட்டிய வரை பழுப்பும் மங்கிய பச்சையுமாக ஒரே தரை. கூட வந்த மூத்த ஆய்வாளர் வாய் திறக்கவில்லை. குனிந்து என் காலணியைக் காட்டினார். நான் ஒரு வில்லோக் காட்டின் மேல் நின்றுகொண்டிருந்தேன். துருவ வில்லோ, சாலிக்ஸ் போலாரிஸ். தண்டு முழுக்கப் பாசிக்குள்ளும் மண்ணுக்குள்ளும் படுத்துக் கிடக்கும். வெளியே தெரிவது இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குப் பளபளப்பான சின்ன இலைகள் மட்டும்.

ஆகவே என் கருவிப் பட்டியலில் முதலில் வருவது முழங்கால் பட்டை. தடிமனாக, தண்ணீர் ஊறாததாக இருக்கட்டும். ஒரு சதுர மீட்டரை ஒழுங்காக அளக்க எனக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் ஈரப் பாசியில் மண்டியிட்டிருக்க வேண்டும். அடுத்தது பென்சில். பேனா குளிரில் எழுதாது, எழுதினாலும் மழையில் கரையும். நீர் புகாத தாளில் பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். ஜி.பி.எஸ்., டிரோன் எல்லாம் அப்புறம்.

அளக்கப்போவது இரண்டு விஷயம். ஒன்று போர்வை: தரையில் எத்தனை பங்கை எந்தச் செடி மூடியிருக்கிறது என்பது. இன்னொன்று பல்வகைமை: எத்தனை இனங்கள், அவை எந்தெந்த அளவில் என்பது. இரண்டுக்கும் முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன, எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். ஆனால் தூந்திராவில் செடிகள் மெதுவாக வளர்பவை. ஒரு கோடையின் அளவு தனியாகப் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. நீங்கள் எடுப்பது ஒரு ஒப்பீட்டின் முதல் பாதி. மறு பாதியைப் பத்து வருஷம் கழித்து உங்களைத் தெரியாத ஒருவர் வந்து எடுப்பார். கீழே நான் சொல்லும் பிடிவாதங்கள் எல்லாம் அந்த ஆளுக்காகத்தான்.

இடம் பிடிப்பது

இங்கே நாட்டாமை பனிதான். குளிர்காலத்தில் எந்த இடத்தில் எவ்வளவு பனி சேர்கிறது, கோடையில் எப்போது உருகுகிறது என்பதை வைத்துத்தான் எந்தச் செடி எங்கே இருக்கும் என்பது முடிவாகிறது. காற்று பனியை வழித்துக்கொண்டு போகும் மேட்டில் டிரையாஸ் ஆக்டோபெட்டலா பாய் விரித்திருக்கும், பக்கத்திலேயே ஊதாச் சாக்ஸிஃப்ராகா. கொஞ்சம் பனி நின்று காக்கும் சரிவில் காசியோப்பே டெட்ராகோனா. பனி கடைசியில் உருகும் குழிவில் துருவ வில்லோவும் பிஸ்டோர்ட்டாவும். அதற்கும் கீழே தண்ணீர் தேங்கும் இடத்தில் பாசியும் பஞ்சுக்கோரையும். இத்தனையையும் சில நேரம் முப்பது அடி நடப்பதற்குள் கடந்துவிடலாம்.

இதைக் கவனிக்காமல் பள்ளத்தாக்கு முழுவதற்கும் பொதுவாக இருபது கட்டம், அதாவது ஒரு சதுர மீட்டர் அளவிடம், போட்டால், மேட்டுச் செடியையும் குழிச் செடியையும் கலந்து ஒரு சராசரி கிடைக்கும். அந்தச் சராசரி எந்த இடத்துக்கும் பொருந்தாது. முதலில் மேடு, சரிவு, குழி, சதுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு கட்டத்துக்குக் குறையாமல் போடுவது என் வழக்கம். முடிந்தால் ஜூன் மாதமே ஒருமுறை போய், பனி எங்கே மிச்சம் இருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். ஜூலையில் வந்து பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி தெரியும், அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

பிரித்த பிறகு கட்டத்தின் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. மனித மனசு பூ இருக்கும் பக்கம் சாயும். கட்டத்தின் எல்லையைக் காட்டும் உலோகச் சட்டத்தைக் கண்ணை மூடி எறிவதும் உதவாது, எறிகிற கைக்கும் ஆசை உண்டு. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சீரற்ற எண்களை அச்சடித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாடாவை நேராக இழுத்து, முதல் எண் அளவுக்கு நாடா வழியே நடந்து, இரண்டாவது எண் அளவுக்குப் பக்கவாட்டில் போய், அங்கே சட்டத்தை வையுங்கள். ஓடையிலோ பாறை மேலோ விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். களத்தில் நின்று முடிவெடுத்தால் மறுபடி பூப் பக்கம் போய்விடுவோம்.

அடையாளம் வைப்பது தனிக் கலை. கீழே நிரந்தர உறைநிலம், மேலே ஒவ்வொரு வருஷமும் உறைந்து உருகும் மண். அந்த மண் எதைப் புதைத்தாலும் மெல்ல மேலே தள்ளும். நான் நேராக அடித்த முளை மூன்றாம் வருஷம் சாய்ந்து கிடந்தது, நான்காம் வருஷம் பக்கத்தில் படுத்திருந்தது. இப்போது இரண்டு எதிர் மூலைகளில் நீளமான உலோக முளை, அதில் எண் பொறித்த அலுமினியத் தகடு. அதோடு பக்கத்தில் அசையாத பாறை ஏதாவது இருந்தால் அங்கிருந்து முளைக்கு எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று அளந்து எழுதுகிறேன். கையடக்க ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறும். ஒரு சதுர மீட்டர் கட்டத்தைத் தேடுகிறவருக்குச் சில மீட்டர் என்பது வேறு ஊர். சட்டத்தை வைத்த பின் நேர் மேலிருந்து ஒரு படம், வடக்கு மூலை தெரியும்படி ஒரு சீட்டோடு. பிறகு அடிவானம் தெரியும்படி இன்னொரு படம். பின்னால் இருக்கும் மலை முகடுகளை வைத்தே பழைய கட்டங்களைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஒரு கட்டத்துக்கு எந்தப் பக்கமிருந்து வருவது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், எப்போதும் அதே பக்கம் மண்டியிடுங்கள். பாசியில் பதிந்த காலடி அடுத்த கோடையிலும் அங்கேயே இருக்கும். ஆய்வாளர் மிதித்து உண்டாக்கிய மாற்றத்தைப் பருவநிலை மாற்றம் என்று எழுதினால் அது பெரிய பாவம். ஈரமான இடங்களில் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் உட்காருவது நல்லது.

எப்போது போவது

செடிகள் முழு வளர்ச்சியில் இருக்கும் காலம் மிகச் சின்னது. ஸ்வால்பார்டில் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். தேதியை விடச் செடியின் பருவத்தைப் பிடித்துக்கொள்வது முக்கியம். பனி தாமதமாக உருகிய வருஷத்தில் அதே ஜூலை 20-க்குப் போய் அளந்தால், இலை பாதிதான் விரிந்திருக்கும், போர்வை குறைந்ததாகக் கணக்கு காட்டும். வில்லோ இலை முழுதாக விரிந்துவிட்டதா, டிரையாஸ் பூ முடிந்து விதையின் இறகு முறுக்கத் தொடங்கிவிட்டதா என்று நான் பார்ப்பேன். ஆகஸ்ட் பாதியில் வில்லோ மஞ்சளாகிவிடும், அப்போது எது உயிருள்ள இலை, எது செத்த இலை என்ற தகராறு தொடங்கும்.

அங்கே அப்போது சூரியன் மறையாது. இது வசதி மாதிரி தெரியும், உண்மையில் பொறி. என் முதல் கோடையில், வெளிச்சம் இருக்கிறதே என்று நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கும் அளந்துகொண்டிருந்தேன். மறுநாள் தாளைப் பார்த்தால், மேட்டில் இருக்கவே முடியாத பஞ்சுக்கோரை நான்கு புள்ளியில் பதிவாகியிருந்தது. பக்கத்துப் பத்தியில் குறிக்க வேண்டியதை மாற்றிக் குறித்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை மறுபடி அளந்தோம். இப்போது ஒரு நாளைக்கு நான்கு கட்டம், அதற்கு மேல் தொடுவதில்லை.

ஊர் எல்லையைத் தாண்டினால் துருவக் கரடி வரலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அளக்கிறவர் தலை குனிந்தே இருப்பார், அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, மூன்றாமவர் நின்று நாலா பக்கமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கையில் செடிப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். ஆர்வத்தில் குனிந்துவிடுவார்.

ஊசியும் சட்டமும்

எங்கள் கட்டம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். நான்கு கால் வைத்த உலோகச் சட்டம், அதில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டியிருக்கும். ஓரத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி முதல் நூல். பத்துக்குப் பத்து, நூறு சந்திப்பு. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மெல்லிய ஊசியை நேராகக் கீழே இறக்கி, அது எதையெல்லாம் தொடுகிறது என்று சொல்ல வேண்டும். ஒரு புள்ளி ஒரு சதவீதம். கணக்கு இவ்வளவு எளிது என்பதால்தான் இந்த முறை தூந்திரா ஆய்வில் நிலைத்திருக்கிறது.

ஒரு புள்ளியை மட்டும் மெதுவாகப் பார்ப்போம். மூன்றாம் வரிசை, ஏழாம் நூல். ஊசி இறங்குகிறது. முதலில் காற்றில் ஆடும் ஒரு லூசுலா இலையின் ஓரம், புல் மாதிரியான செடி அது. காற்று அடங்கக் காத்திருக்கிறேன், இலை தானாக ஊசியைத் தொடுகிறதா என்று பார்க்கிறேன். தொடுகிறது. "லூசுலா, உயிர்." இன்னும் ஒரு சென்டிமீட்டர் கீழே வில்லோ இலை, நடுநரம்புக்குச் சற்று இடப்பக்கம். "சாலிக்ஸ், உயிர்." அதை நுனி விரலால் ஒதுக்குகிறேன், பிய்க்காமல். அடியில் போன வருஷத்துப் பழுப்பு இலை ஒன்று, காம்பிலிருந்து விடுபட்டுக் கிடக்கிறது. "சருகு." அதற்கும் கீழே ஹைலோகோமியம் பாசியின் இறகு போன்ற கிளை. "பாசி, தரை." அத்தோடு அந்தப் புள்ளி முடிந்தது. எழுதுகிறவர் நான்கையும் திருப்பிச் சொல்கிறார், நான் தலையாட்டுகிறேன். இன்னும் தொண்ணூற்றொன்பது.

திருப்பிச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். காற்று அடிக்கும்போது "சாக்ஸிஃப்ராகா" என்பதும் "சாலிக்ஸ்" என்பதும் காதில் ஒன்றாகவே விழும்.

எதைத் தொட்டால் எழுதுவது என்பதைத்தான் கடைசி வரைக்கும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை நானும் சக ஆய்வாளர் ஒருவரும் ஒரே கட்டத்தைத் தனித்தனியாக அளந்தோம். பாசிக்கு எனக்கு 35 வந்தது, அவருக்கு 60. இருவருக்கும் பாசி தெரியும், கண்ணிலும் கோளாறு இல்லை. விசாரித்தால், நான் முதலில் தொட்ட செடியோடு நிறுத்தியிருக்கிறேன், அவர் தரை வரைக்கும் போயிருக்கிறார். இரண்டும் சரியான முறைகளே. ஆனால் எது என்று தாளில் எழுதாவிட்டால், நாளைக்கு இந்த இரண்டு எண்களையும் பார்க்கிற ஒருவர் பாசி பெருகிவிட்டது என்று கட்டுரையே எழுதிவிடுவார். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு வரி எழுதுகிறேன்: "மேலிருந்து தரை வரை எல்லாத் தொடுகையும், ஒரே இனம் ஒரே புள்ளியில் எத்தனை முறை பட்டாலும் எல்லாம் பதிவு." போர்வை கணக்கிடும்போது ஓர் இனத்தை ஒரு புள்ளிக்கு ஒருமுறை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உயிர்நிறையை, அதாவது செடிகளின் மொத்த எடையை, மதிப்பிட மொத்தத் தொடுகையும் உதவும். ஆனால் களத்தில் எழுதாததைப் பிறகு உருவாக்க முடியாது.

அடுக்கடுக்காக எழுதுவதால் எல்லா இனங்களின் போர்வையையும் கூட்டினால் நூறைத் தாண்டும். 140, 160 என்றுகூட வரும். புதிதாக வருகிறவர்கள் பதறிப்போய் எதையாவது குறைக்கப் பார்ப்பார்கள். குறைக்காதீர்கள். வில்லோவுக்குக் கீழே பாசி இருப்பது உண்மை என்றால் இரண்டும் கணக்கில் வர வேண்டும்.

சில சின்னச் சங்கதிகள். ஊசி எவ்வளவு தடிமனோ அவ்வளவு அதிகமாகப் போர்வை காட்டும், குறுகிய இலைகளில் இந்தத் தவறு பெரிது. அதனால் மெல்லிய ஊசியை எடுங்கள், வருஷா வருஷம் அதே ஊசியை. நூலை ஒரே அடுக்காகக் கட்டினால் தலையைச் சாய்த்த பக்கம் புள்ளியும் நகரும். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு நூல் கட்டி, இரண்டு சந்திப்பும் ஒன்றாகத் தெரியும் நேர்கோட்டில் பார்த்தால் அந்த ஏமாற்று இல்லை. சிலர் ஊசிக்குப் பதில் லேசர் வைக்கிறார்கள். மேலடுக்குக்கு அருமையானது, ஆனால் இலையை ஒதுக்கிக் கீழே போகும்போது நடுப்பகல் வெயிலில் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேட வேண்டியிருக்கும். அலாஸ்காவின் டூலிக் பக்கம் போனால் வேறு சிக்கல்: பஞ்சுக்கோரை எரியோஃபோரம் வஜினேட்டம் மேடு மேடான திட்டுகளாக நிற்கும், சட்டம் எப்படி வைத்தாலும் ஆடும். கால்களின் உயரத்தைத் தனித்தனியாக மாற்ற முடிகிற சட்டமும் ஒரு மட்டப்பலகையும் இல்லாமல் அங்கே போக வேண்டாம்.

நூறு புள்ளியும் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். ஊசி அரியவற்றைத் தவறவிடும். ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் ஒற்றைப் பூச்செடியின் மேல் ஊசி விழுவது குதிரைக்கொம்பு. சட்டத்துக்குள் பத்து நிமிஷம் கைக்கடிகாரம் வைத்துத் தேடி, புள்ளியில் வராத இனங்களைத் தனியாக எழுதுங்கள். அந்தப் பத்து நிமிஷம் எல்லாக் கட்டத்துக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நன்றாக இருக்கிற கட்டத்தில் இருபது நிமிஷம் தேடினால் அங்கே இனம் கூடத்தான் செய்யும்.

கண் மதிப்பீடு

ஊசி வைக்க நேரமில்லாத இடங்களில் கண்ணால் சதவீதம் சொல்வார்கள். பிரவுன்-பிளாங்கே அளவுகோல் மாதிரி ஐந்துக்குக் கீழ், ஐந்திலிருந்து இருபத்தைந்து, ஐம்பது வரை, எழுபத்தைந்து வரை, நூறு வரை என்று வகுப்பாகப் பிரித்தும் எழுதலாம். பெரிய பரப்பைச் சீக்கிரம் பார்க்க இது நல்ல வழி. ஆனால் பத்து வருஷ மாற்றத்தைப் பிடிக்க எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஒரு செடி 27-லிருந்து 48-க்குப் போனாலும் அதே வகுப்புதான், 24-லிருந்து 26-க்குப் போனால் வகுப்பு மாறிவிடும்.

செய்தே ஆக வேண்டும் என்றால், கண்ணைப் பழக்குங்கள். ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் சதுர அட்டை ஒரு சதவீதம். அந்த அட்டையை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செடியின் மேல் எத்தனை தடவை பொருந்தும் என்று மனசுக்குள் அடுக்கிப் பாருங்கள். பூ பூத்திருக்கிற செடியை எல்லோருமே கூட்டிச் சொல்வார்கள், நான் உட்பட. பாசியையும், மண்ணோடும் பாறையோடும் ஒட்டி வளரும் லைக்கனையும் குறைத்துச் சொல்வார்கள். குழுவில் எல்லோரும் காலையில் ஒரே கட்டத்தைத் தனித்தனியாக மதிப்பிட்டு, வித்தியாசம் ஐந்துக்குள் வரும் வரை பேசிவிட்டு, பிறகு பிரிந்து போங்கள்.

பூ இல்லாதபோது யார் யார்

ஸ்வால்பார்டில் கலன்தாவர இனங்கள், அதாவது பாசியும் லைக்கனும் போக நீர் கடத்தும் குழாய் உள்ள செடிகள், சுமார் 180-தான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கட்டத்துக்குள் பாதிக்கு மேல் பூ இல்லாமல், எலி காது அளவு இலையாகத்தான் இருக்கும். அதனால் இலையைத் தடவியே கண்டுபிடிக்கப் பழக வேண்டும். டிரையாஸ் இலையைப் புரட்டினால் அடியில் வெள்ளை ரோமம். காசியோப்பேயின் இலைகள் நான்கு வரிசையாகத் தண்டை ஒட்டிக்கொண்டு, கயிறு பின்னின மாதிரி இருக்கும். சாலிக்ஸ் ரெட்டிகுலாட்டா இலையில் வலை போட்டது போல் நரம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும், போலாரிஸ் இலையில் அப்படி இல்லை. பிஸ்டோர்ட்டா விவிப்பாரா பூக்கதிரின் கீழ்ப் பாதியில் பூவுக்குப் பதில் சிவந்த சின்னக் குமிழ்கள் இருக்கும். விதைக்குக் காத்திராமல் அந்தக் குமிழே விழுந்து முளைத்துவிடும்.

புல் மாதிரி இருப்பதில்தான் எல்லோரும் சறுக்குவது. தண்டை விரலிடையில் உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் பெரும்பாலும் கேரக்ஸ் கோரை. இலை ஓரத்தில் நீளமான வெள்ளை முடி நீட்டிக்கொண்டிருந்தால் லூசுலா. இலை நுனி படகு முனை போல் குவிந்திருந்தால் போவா புல்.

பாசிக்கும் லைக்கனுக்கும் இனம் தெரியாவிட்டால் "பாசி", "லைக்கன்" என்று எழுதுவதில் அவமானமில்லை. தெரிந்த மாதிரி எழுதுவதில்தான் அவமானம். அதிலும் மோசம், ஒரு வருஷம் எட்டுப் பாசியாகப் பிரித்து எழுதிவிட்டு அடுத்த வருஷம் ஆள் மாறியதால் ஒரே பாசியாக எழுதுவது. ஏழு இனம் அழிந்துபோனதாகக் கணக்கு சொல்லும். பிரிப்பதும் சேர்ப்பதும் எந்த மட்டத்தில் என்று முதல் நாளே முடிவு செய்து எழுதிவிடுங்கள். புரியாத செடிக்கு ஒரு தற்காலிகப் பெயர், ஒரு படம். எங்கள் பழைய தாள்களில் "முடிக்கால் பச்சை" என்று ஓர் இனம் இரண்டு வருஷம் வாழ்ந்தது. ஸ்வால்பார்டில் தாவரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எந்த நாட்டில் வேலை செய்தாலும் ஓர் இலை கிள்ளும் முன் அங்குள்ள விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டத்துக்குள் மட்டும் எந்த நாட்டிலும் கிள்ளாதீர்கள். அடையாளம் காண வேண்டிய செடியை வெளியே தேடுங்கள்.

எண்களை என்ன செய்வது

தாளை அன்றிரவே கணினியில் ஏற்றுங்கள், அசல் தாளையும் படமெடுத்து வையுங்கள். தேடியும் இல்லாத இனத்துக்குப் பூஜ்யம், பார்க்காத புள்ளிக்கு வெற்றுக் கட்டம் இல்லாமல் ஏதாவது ஒரு குறி. இரண்டையும் காலியாக விட்டால் எது எது என்று ஒரு மாதத்தில் உங்களுக்கே தெரியாது.

இனங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கட்டம், இரண்டிலும் நான்கு இனம். முதலாவதில் நான்கும் தலா 25 பங்கு. இரண்டாவதில் ஒன்று 85, மற்ற மூன்றும் தலா 5. எண்ணிக்கையில் இரண்டும் சமம். பல்வகைமையை ஒரே எண்ணாகச் சொல்லும் ஷானன் குறியீட்டில், அதாவது ஒவ்வொரு பங்கையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால், முதலாவதற்கு 1.39, இரண்டாவதற்கு 0.59. இந்த எண்களை அப்படியே யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால் நான் ஒரு படி மேலே போய், அந்த எண்ணை e-யின் அடுக்காக ஏற்றிக் கணக்கிடுவேன். முதலாவது 4 ஆகும், இரண்டாவது 1.8 ஆகும். நான்கு இனம் இருந்தும் இரண்டு இனம்கூட இல்லாத மாதிரி நடந்துகொள்கிறது அந்தக் கட்டம். இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்கும்.

காலப்போக்கில் ஒப்பிடும்போது இன்னொரு கண்ணியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். முன்பு 12 இனம், இப்போதும் 12 இனம், ஆகவே மாற்றமில்லை என்று எழுதிவிடுவது. மூன்று போய் மூன்று வந்திருந்தால் பொதுவாக இருப்பது ஒன்பதுதான். இரண்டு பட்டியல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் சோரன்சன் ஒற்றுமை 0.75. இது கற்பனைச் சிக்கலில்லை. 2025-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆர்க்டிக் முழுவதும் 2,174 கட்டங்களில் 1981 முதல் 2022 வரை எடுத்த பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தமாகப் பார்த்தால் இன எண்ணிக்கை ஒரே திசையில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கட்டம் கட்டமாகப் பார்த்தால் 59 சதவீதத்தில் புது இனம் வந்திருந்தது, அல்லது பழைய இனம் போயிருந்தது, அல்லது இரண்டுமே நடந்திருந்தது. குற்றுமரங்கள் பெருகிய இடங்களில் இனங்கள் குறைந்திருந்தன. இவ்வளவையும் சொல்ல முடிந்ததற்குக் காரணம், நாற்பது வருஷமாக யார் யாரோ மண்டியிட்டு எழுதிய தாள்கள்.

அவற்றை ஒன்றாகச் சேர்க்க முடிந்ததற்கு ஐடெக்ஸ் என்ற சர்வதேசத் தூந்திரா பரிசோதனைக்கும் பெரிய பங்கு உண்டு. 1990-ல் தொடங்கியது. மேலே திறந்த சிறு கூண்டுகளைத் தரையில் வைத்து உள்ளே ஒன்றிலிருந்து மூன்று டிகிரி வரை சூடாக்கி, உள்ளேயும் வெளியேயும் ஒரே முறையில் அளப்பார்கள். பல நாடுகளின் 11 இடங்களின் முடிவுகளை 2006-ல் சேர்த்துப் பார்த்தபோது, சூட்டில் குற்றுமரமும் புல்வகையும் கூடின, பாசியும் லைக்கனும் குறைந்தன. நீங்கள் கூண்டு வைக்காவிட்டாலும் அவர்களுடைய அளவீட்டு நெறிமுறையையே பின்பற்றுங்கள். சொந்தமாக ஒரு முறை வகுத்தால் உங்கள் தரவு எந்தக் கூட்டத்திலும் சேராமல் தனியாக நிற்கும்.

செயற்கைக்கோள் படத்தில் பசுமைக் குறியீடு ஏறியிருக்கிறதே, எதற்கு இந்த ஊசி என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் குறியீடு பச்சையைப் பார்க்கும். ஈரமான பாசியும் பச்சை, வில்லோவும் பச்சை. எது எவ்வளவு என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. டிரோனில் தாழப் பறந்தால் வில்லோத் திட்டுகளை வரையலாம், ஆனால் அதன் நிழலில் இருக்கும் இரண்டு மில்லிமீட்டர் லைக்கன் தெரியாது. நான் டிரோன் பறக்கவிடுவது ஊசி வேலை முடிந்த கட்டங்களின் மேல்தான். மேலிருந்து தெரியும் நிறத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அப்போது நமக்குத் தெரிந்திருக்கும்.

கடைசி நாள் கிளம்பும்போது சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். எல்லைக்குக் கட்டிய நூல், கொடி, நாடா எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுருட்டுங்கள். விட்டுவந்தால் கலைமானின் கொம்பில் சிக்கும். முளையும் தகடும் மட்டும் இருக்கட்டும். தகட்டில் எண்ணை ஆணியால் இன்னொரு முறை அழுத்தி எழுதிவிட்டு, கட்டத்தின் வடக்கு மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வந்த வழியாகவே நடந்து திரும்புங்கள்.